பொறியும் பொருளும்: உயர்நிலைக் கார்ப் பந்தயத்தில் எஞ்சின் நிறுவனங்களின் செல்வாக்கு

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் கார்ப் பந்தயம் பற்றிய கட்டுரையா என ஐயுறுவோர் உளர். இலக்கியமும் இலக்கணமும் மட்டுமே தமிழின் எல்லை என்று கருதிய காலம் கடந்துவிட்டது. அறிவியலையும் வணிகத்தையும் விளையாட்டையும் தமிழில் எண்ணவும் எழுதவும் இயலும் என்பதை நம் மாணவர்க்குக் காட்ட வேண்டிய கடமை நமக்கு உண்டு. மேலும், நம் மாணவருள் பலர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஃபார்முலா ஒன் பந்தயத்தைக் கண்டு களிப்பவர்கள். ஓட்டுநர் பெயர்களை அவர்கள் நன்கறிவர். ஆனால் அவ்வோட்டுநர் அமர்ந்திருக்கும் காருக்கு எஞ்சின் தந்தவர் யார், ஏன் தந்தார், எப்போது திரும்பப் பெறுவார் என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. அவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எஞ்சினைத் தமிழில் பொறி என்கிறோம். எலியை அகப்படுத்தும் கருவிக்கும் அதுவே பெயர். ஃபார்முலா ஒன் வரலாற்றைக் கூர்ந்து நோக்குங்கால் இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தி வருதலைக் காண்கிறோம். அணிகளை வெற்றிக்கு உந்திச் செல்வதும் பொறியே. அவற்றைப் பிறர் கையில் அகப்படுத்தி வைப்பதும் பொறியே.

அணியும் நிறுவனமும்

ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் போட்டி 1950ஆம் ஆண்டு மே 13 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் களத்தில் தொடங்கியது. தொடக்கத்தில் ஓட்டுநர்க்கு மட்டுமே பட்டம் வழங்கப்பட்டது. 1958 முதல் காரை உருவாக்கும் அணிக்கும் தனிப் பட்டம் உண்டாயிற்று. இங்கு ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும். காரின் உடலை வடிவமைத்துப் பந்தயத்தில் இறக்குவது அணியின் பணி. அவ்வுடலில் பொருத்தப்படும் எஞ்சினை அணியே உருவாக்கலாம், பிறரிடமிருந்தும் பெறலாம். இத்தாலியின் ஃபெராரி இரண்டையும் தானே செய்கிறது. லோட்டஸ், மெக்லாரன், டிரெல், வில்லியம்ஸ் முதலிய ஆங்கில அணிகளோ உடலைத் தாம் செய்து, எஞ்சினைப் பிறரிடம் பெற்று ஓடியவை.

இவ்விரு சாராரின் நோக்கமும் வெவ்வேறு. அணிக்குப் பந்தயமே தொழில். பந்தயம் இல்லையேல் அணி இல்லை. கார் விற்கும் பெருநிறுவனத்திற்கோ பந்தயம் ஒரு விளம்பரம், ஓர் ஆய்வுக்கூடம், இளம் பொறியாளர்க்கு ஒரு பயிற்சிக் களம். விற்பனை குறையுமாயின், நிறுவனத்தின் இயக்குநர்கள் ஒரு நாள் கூடிப் பந்தயச் செலவைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடலாம். நிறுவனம் தரும் பணம் கொடையன்று, முதலீடு. கொடை கைம்மாறு கருதாது. முதலீடு ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும். இனி நாம் காணவிருக்கும் நிகழ்ச்சிகள் அனைத்தையும் விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடே துணைசெய்யும்.

பலர்க்கும் கிடைத்த எஞ்சின்

வணிக நோக்கம் எப்போதும் தீமையே பயக்கும் என்று கொள்ளுதல் பொருந்தாது. அதற்கு ஒரு நல்ல சான்று 1960களிலேயே கிடைக்கிறது. 1966 முதல் எஞ்சினின் கொள்ளளவு ஒன்றரை லிட்டரிலிருந்து மூன்று லிட்டராக உயர்த்தப்பட்டது. அதுகாறும் ஆங்கில அணிகளுக்கு எஞ்சின் வழங்கிவந்த காவன்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் களத்தைவிட்டு விலகியது. லோட்டஸ் அணியின் தலைவர் காலின் சாப்மன் புதிய எஞ்சினைத் தேடினார். ஃபோர்டு நிறுவனத்தின் வால்டர் ஹேஸ் அதற்குச் செவிசாய்த்தார். ஃபோர்டு ஒரு இலட்சம் பவுன் தந்தது. கீத் டக்வொர்த்தும் மைக் காஸ்டினும் 1958இல் தொடங்கியிருந்த காஸ்வொர்த் என்னும் சிறு நிறுவனம் எஞ்சினை உருவாக்கியது. அதுவே 'டி.எஃப்.வி.' எனப் புகழ்பெற்றது. 1967 ஜூன் மாதம் ஹாலந்தின் சாண்ட்ஃபோர்ட் களத்தில், தான் ஓடிய முதல் பந்தயத்திலேயே அவ்வெஞ்சின் வென்றது. காரை ஓட்டியவர் ஜிம் கிளார்க்.

இதற்குப் பின் நிகழ்ந்ததே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. எதிர்த்து நிற்பார் இல்லாத வெற்றி ஃபோர்டின் பெயருக்குப் பெருமை சேர்க்காது என ஹேஸ் கருதினார். எனவே 1968 முதல் அவ்வெஞ்சின் மற்ற அணிகளுக்கும் கிடைத்தது. விலை கொடுத்தவர் எவராயினும் வாங்கலாம் என்ற நிலை நாளடைவில் உருவாயிற்று. 1967க்கும் 1983க்கும் இடையே அது 155 பந்தயங்களில் வென்றது. மெக்லாரனும் டிரெலும் வில்லியம்சும் அதன் வலிமையால் வளர்ந்தவை. எளிய நிலையிலிருந்து எழுந்த வில்லியம்ஸ் அணி 1979இல் தன் முதல் வெற்றியை அதைக் கொண்டே பெற்றது. மறு ஆண்டே பட்டமும் பெற்றது. ஃபோர்டுக்கு விளம்பரம் கிடைத்தது. சிறிய அணிகளுக்கு வாழ்வு கிடைத்தது. நிறுவனத்தின் நலனும் களத்தின் நலனும் ஒன்றுபட்ட காலம் அது எனலாம்.

எஞ்சின் கை மாறிய கதை

1977இல் ரெனால்ட் நிறுவனம் டர்போ எஞ்சினைக் களத்திற்குக் கொண்டுவந்தது. முதலில் அடிக்கடி பழுதுற்று நின்ற அது, 1979இல் பிரான்சின் டிஜான் களத்தில் வென்றது. சில ஆண்டுகளில் டர்போ இல்லாத அணி வெல்ல இயலாது என்னும் நிலை தோன்றிற்று. டர்போவை உருவாக்கும் செலவைத் தாங்கப் பெருநிறுவனங்களால்தான் இயலும். அணிகள் நிறுவனங்களின் வாயிலில் நிற்கும் காலம் இவ்வாறு தொடங்கியது.

மெக்லாரன் இதற்கு மாறான வழியொன்றைக் கண்டது. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனத்திடம் பணம் கொடுத்து, தன் காருக்கு ஏற்ற வடிவில் எஞ்சினைச் செய்வித்துக்கொண்டது. செலவை ஏற்றவர் டி.ஏ.ஜி. குழுமத்தின் மன்சூர் ஒஜ்ஜே. ஆகவே எஞ்சினின் மேல் பொறிக்கப்பட்டது செய்தவர் பெயரன்று. பணம் தந்தவர் பெயர். 1984இல் 16 பந்தயங்களில் 12ஐ அக்கார் வென்றது. 1984, 1985, 1986 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஓட்டுநர் பட்டம் மெக்லாரனுக்கே கிடைத்தது. பணத்தைத் தான் ஏற்பாடு செய்துகொண்ட அணி, எஞ்சின் எவ்வாறு அமைய வேண்டும் என்று கட்டளையிட முடிந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

வில்லியம்ஸ் அணியின் அனுபவமோ வேறு. ஜப்பானின் ஹோண்டா எஞ்சினைக் கொண்டு 1986, 1987 ஆகிய ஈராண்டுகளும் அணிப் பட்டத்தை அது வென்றது. 1987இல் மட்டும் ஒன்பது வெற்றிகள். ஒப்பந்தக் காலம் ஓராண்டு எஞ்சியிருந்தும் அவ்வாண்டு இறுதியில் ஹோண்டா வில்லியம்சைவிட்டு மெக்லாரனிடம் சென்றது. 1988இல் மெக்லாரன் 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. அதே ஆண்டில், வலிமை குறைந்த ஜட் எஞ்சினைக் கொண்டு ஓடிய வில்லியம்சுக்கு ஒரு வெற்றியும் கிட்டவில்லை. முந்தைய ஆண்டின் சாம்பியன் அணி, அதே தொழிற்கூடத்தில் அதே வடிவமைப்பாளர்களோடு இருந்தும், எஞ்சின் நீங்கியதால் வீழ்ந்தது.

ஆயினும் பெற்றவர்க்கும் அது நிலைக்கவில்லை. 1992 இறுதியில் ஹோண்டா களத்தைவிட்டே விலகியது. மெக்லாரன் 1992இல் ஹோண்டா, 1993இல் விலைக்கு வாங்கிய ஃபோர்டு, 1994இல் பெஜோ, 1995இல் மெர்சிடிஸ் என நான்காண்டுகளில் நான்கு எஞ்சின்களை மாற்ற நேர்ந்தது.

ஓட்டுநர் இருக்கையும் எஞ்சினும்

எஞ்சின் தருவோரின் கை, ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்கும் இடத்திற்கும் நீள்கிறது. 1987இல் லோட்டஸ் அணி ஹோண்டா எஞ்சினைப் பெற்றபோது, ஜப்பானியரான சத்தோரு நகாஜிமா அதன் ஓட்டுநராக வந்தார். அவர் மகன் கசுகி நகாஜிமா, டொயோட்டா எஞ்சின் பெற்ற வில்லியம்ஸ் அணியில் 2008, 2009 ஆண்டுகளில் ஓட்டினார். ஃபெராரி தன் இளம் ஓட்டுநர் சார்ல் லெக்லெரை 2018இல் ஃபெராரி எஞ்சின் வாங்கிய சாபர் அணியில் வைத்துப் பயிற்றியது. மெர்சிடிஸ் தன் ஜார்ஜ் ரசலை 2019 முதல் மூன்றாண்டுகள் வில்லியம்ஸ் அணியில் வைத்திருந்தது. இவர்களின் திறமையை நாம் குறைத்துக் கூறவில்லை. திறமை உடையார் பலர் காத்திருக்க, இருக்கை யாருக்கு என்பதில் எஞ்சின் தந்தவர் சொல்லுக்கும் எடை இருந்தது என்பதே நம் கருத்து.

இவ்விடத்தில் தமிழகத்தைச் சேர்ந்த ஒருவரையும் நினைவுகூர்தல் தகும். கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணியின் வழியாக ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரானார். அந்த ஜோர்டன், 1998இல் பெல்ஜியத்தில் தன் முதல் வெற்றியைப் பெற்று, 1999இல் அணிப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை உயர்ந்த அணி. 2001, 2002 ஆண்டுகளில் ஹோண்டா தன் எஞ்சினை ஜோர்டனுக்கும் பி.ஏ.ஆர். என்னும் அணிக்கும் வழங்கியது. பின்னர் பி.ஏ.ஆர். ஒன்றையே போதுமெனத் தேர்ந்தது. ஜோர்டன் 2003 முதல் ஃபோர்டு எஞ்சினை விலைக்கு வாங்கி ஓடியது. 2005 தொடக்கத்தில் அணியே விற்கப்பட்டது. அவ்வாண்டு டொயோட்டா எஞ்சின் பொருத்திய அக்காரில்தான் நம்மவர் அமர்ந்தார். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் களத்தில், டயர்ச் சிக்கலால் ஆறு கார்களே ஓடிய பந்தயத்தில், நான்காமவராக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். அவர் வந்து சேர்ந்தபோது அவ்வணி தன் உயரத்திலிருந்து இறங்கிவிட்டிருந்தது. அந்த இறக்கத்தில் ஒரு நிறுவனத்தின் முடிவுக்கும் பங்கு உண்டு.

விதி வகுக்கும் இடத்தில் வணிகம்

எஞ்சின் வழங்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே ஆதலின், அவர் விருப்பத்தை மீறி விதி செய்தல் அரிது. 'செய்தால் விலகுவோம்' என்னும் ஒரு சொல்லே போதுமானது. 2014இல் நடைமுறைக்கு வந்த எஞ்சின் விதி இதற்குச் சான்றாகும். முதலில் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் 2013 முதல் வரும் என்று வகுக்கப்பட்டது. ஃபெராரி அதனை விரும்பவில்லை. முடிவில் அது ஆறு சிலிண்டராக மாறி, ஓராண்டு தள்ளியும் போயிற்று. மின்னாற்றலையும் சேர்த்துப் பயன்படுத்தும் அந்தப் புதிய எஞ்சின் முன்னையதினும் விலை மிக்கது. 2014 அக்டோபரில் கேட்டரம், மருசியா என்னும் இரு சிறிய அணிகள் கடன் தாங்காது நிர்வாகிகளின் பொறுப்பில் விடப்பட்டன. எஞ்சின் விலை ஒன்றே அதற்குக் காரணம் என்பது மிகைக்கூற்றாகும். எனினும், மெலிந்தவன் முதுகில் ஏற்றிய புதுச்சுமை அது என்பதை மறுத்தற்கில்லை.

மறு ஆண்டு, சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பு, அணிகளுக்கு விற்கும் எஞ்சினுக்கு உச்ச விலை ஒன்றை விதிக்க முனைந்தது. ஃபெராரிக்கு நெடுங்காலமாக ஒப்பந்தங்களில் ஏற்கப்பட்ட மறுப்புரிமை ஒன்று உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்தி அது அவ்விதியைத் தடுத்தது. எஞ்சினை விற்பவரே எஞ்சினின் விலையை வரையறுக்கும் விதிக்குத் தடை போட்டார் என்பதனை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும்.

அதே 2015இல், நான்கு முறை தொடர்ந்து பட்டம் வென்றிருந்த ரெட் புல் அணி ரெனால்ட்டோடு மனவேறுபாடு கொண்டது. மெர்சிடிசிடம் கேட்டது, மறுக்கப்பட்டது. ஃபெராரியிடமும் தனக்கேற்ற எஞ்சின் கிட்டவில்லை. வலிய போட்டியாளனுக்குத் தன் எஞ்சினைத் தந்து, அவனிடமே தோற்க எந்த நிறுவனம்தான் முன்வரும்? இறுதியில் ரெட் புல் மீண்டும் ரெனால்ட் எஞ்சினையே ஏற்றது. ஆனால் 2016இல் அதன் மேல் இருந்த பெயர் டாக் ஹாயர் என்னும் கைக்கடிகார நிறுவனத்தின் பெயர். உழைப்பு ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது.

2020இல் நிகழ்ந்ததும் குறிப்பிடத்தக்கது. முந்தைய ஆண்டின் ஃபெராரி எஞ்சின் பற்றி எழுந்த ஐயங்களை ஆராய்ந்த கூட்டமைப்பு, அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில் ஃபெராரியோடு உடன்பாடு ஒன்று செய்துகொண்டதாகவும், அதன் விவரங்கள் வெளியிடப்படமாட்டா என்றும் அறிவித்தது. ஏழு அணிகள் கண்டித்து அறிக்கை விடுத்தன. அந்த ஏழும் ஃபெராரி எஞ்சின் வாங்காத அணிகள். வாங்கிய இரு அணிகள் அதில் கையெழுத்திடவில்லை. எஞ்சின் யாரிடமிருந்து வருகிறதோ, அவரைக் குறித்து வாய் திறத்தல் எளிதன்று போலும்.

ஒரு தொழிற்கூடம், நான்கு பெயர்கள்

வணிகத்திற்காக வந்தவர் வணிகத்திற்காகவே நீங்குவர். 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஹோண்டா தன் அணியைக் கைவிட்டது. 2009 ஜூலையில் பி.எம்.டபிள்யூ. விலகலை அறிவித்தது. நவம்பரில், எட்டுப் பருவங்கள் ஓடியும் ஒரு வெற்றியும் காணாத டொயோட்டா விடைபெற்றது.

ஹோண்டா கைவிட்ட அணி இங்கிலாந்தின் பிராக்லி என்னும் சிற்றூரில் இருந்தது. அதனை அதன் தலைவர் ராஸ் பிரான் ஏற்றார். எஞ்சின் இல்லை. மெர்சிடிசின் அப்போதைய கூட்டாளியான மெக்லாரன் இசைந்ததால், மெர்சிடிஸ் எஞ்சின் கிடைத்தது. பணியாளருள் பலர் வேலையிழந்தனர். அந்நிலையிலும் 2009இல் அவ்வணி இரு பட்டங்களையும் வென்றது. ஓட்டுநர் பட்டம் பெற்றவர் ஜென்சன் பட்டன். ஹோண்டாவின் பணத்தில் வடிவெடுத்த கார், மெர்சிடிஸ் எஞ்சினோடு, ஹோண்டாவின் பெயரின்றி வென்றது. சில மாதங்கள் பொறுத்திருந்தால் தனதாகியிருக்கக்கூடிய புகழை அந்நிறுவனம் இழந்தது.

அவ்வாண்டு இறுதியில் மெர்சிடிஸ் அந்த அணியையே விலைக்கு வாங்கியது. 1999இல் பி.ஏ.ஆர்., 2006இல் ஹோண்டா, 2009இல் பிரான், 2010இல் மெர்சிடிஸ் எனப் பலகையில் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. உள்ளே கைகள் உழைத்துக்கொண்டே இருந்தன. 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு அணிப் பட்டங்கள் அங்கிருந்தே வந்தன.

பிரான்சில் நிலைமை வேறாயிற்று. 12 அணிப் பட்டங்களுக்குக் காரணமான எஞ்சின்களை உருவாக்கிய ரெனால்ட், 2025க்குப் பின் ஃபார்முலா ஒன் எஞ்சின் செய்வதில்லை என 2024 செப்டம்பரில் அறிவித்தது. அதன் சொந்த அணியான ஆல்பைன் 2026 முதல் மெர்சிடிசிடம் எஞ்சின் வாங்கும் என முடிவாயிற்று. முடிவு வெளியாகுமுன்னரே, விரி சட்டியோன் தொழிற்கூடத்தின் ஊழியர்கள் இத்தாலியின் மோன்சா களத்திற்குச் சென்று பார்வையாளர் நடுவே நின்று தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். எஞ்சின் செய்த கைகளுக்கு முடிவெடுக்கும் அறையில் இடமில்லை.

ஹோண்டாவோ 2021 இறுதியோடு விலகுவதாக 2020 அக்டோபரில் அறிவித்தது. அதன் எஞ்சினை நம்பியிருந்த ரெட் புல்லின் இடரைத் தீர்க்கும் பொருட்டு, 2022 முதல் எஞ்சின் வளர்ச்சியையே நிறுத்திவைக்கும் விதி கொணரப்பட்டது. பின்னர் 2026க்கென எளிதாக்கப்பட்ட புதிய விதிகள் வந்தன. வெளியேறும் புகைக்காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் கடினமான கருவி நீக்கப்பட்டது. மின்னாற்றலின் பங்கு கூட்டப்பட்டது. ஆடி வருவதாக 2022இலும், ஃபோர்டு மீள்வதாக 2023இலும் அறிவித்தன. போகிறேன் என்ற ஹோண்டாவும், ஆஸ்டன் மார்ட்டின் அணியோடு 2026இல் வருகிறேன் என 2023 மே மாதம் அறிவித்தது. மின்சாரக் கார்களை விற்க முனையும் நிறுவனங்களுக்கு ஏற்ற வடிவில் பந்தய எஞ்சின் மாற்றப்பட்டது என்று கூறின் அது மிகையாகாது.

மறுபக்கம்

இவற்றால் நிறுவனங்களே வேண்டா என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். அவற்றின் பணமும் அறிவும் இன்றி இப்பந்தயம் இல்லை. எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்டதைப் பயனுள்ள வேலையாக மாற்றும் எஞ்சினைத் தன் சோதனைக்கூடத்தில் கண்டதாக மெர்சிடிஸ் 2017இல் அறிவித்தது. பொறியியல் மாணவர்கள் இதன் அருமையை அறிவர். போட்டி இல்லையேல் இத்தகைய ஆக்கம் இவ்வளவு விரைவில் நிகழ்ந்திராது.

வேண்டுவது நிறுவனத்தை விலக்குதல் அன்று, விதிக்கு உட்படுத்துதல். அதற்கான முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. எஞ்சின் கிடைக்காத அணிக்கு நிறுவனம் ஒன்று வழங்கியே தீரவேண்டும் என்னும் கடப்பாடும் விலைக் குறைப்பும் 2017 முதல் வந்தன. சொந்த அணிக்கும் வாங்கும் அணிக்கும் ஒரே தரமான எஞ்சினைத் தர வேண்டும் என்று 2018இல் வலியுறுத்தப்பட்டது. அணிகளின் செலவுக்கு 2021இல் 14.5 கோடி டாலர் எனவும், எஞ்சின் செய்வோரின் செலவுக்கு 2023இல் 9.5 கோடி டாலர் எனவும் வரம்பு கட்டப்பட்டது. பயன் கண்கூடு. மெர்சிடிசிடம் எஞ்சினை விலைக்கு வாங்கும் மெக்லாரன், மெர்சிடிசின் சொந்த அணியையும் பின்தள்ளி, 2024இலும் 2025இலும் அணிப் பட்டத்தை வென்றது. 1988இல் எஞ்சின் நீங்கியதால் வீழ்ந்த வில்லியம்சையும், விலைக்கு வாங்கிய எஞ்சினால் வென்ற இந்த மெக்லாரனையும் அருகருகே வைத்து நோக்குக. இடையில் மாறியது எஞ்சின் நிறுவனங்களின் மனம் அன்று, விதி.

முடிவுரை

புலவரைப் புரவலர் தாங்கிய வரலாறு நமக்குப் புதிதன்று. புரவலன் கை சுருங்கியபோது புலவன் வேறிடம் நாடி நடந்தான். பாட்டோ நின்றது. ஃபார்முலா ஒன்னிலும் நிறுவனங்கள் வரும், போகும். நிற்பவை அணிகளும், அவற்றுள் உழைக்கும் கைகளும், அக்கைகளின் திறனுமே.

இக்கட்டுரையால் நாம் கண்ட முடிபுகள் மூன்று. எஞ்சின் தருவோர் வெற்றியையும், ஓட்டுநர் தேர்வையும், விதியையும் ஒருங்கே பாதிக்க வல்லவர் என்பது ஒன்று. அவர் வருவதும் போவதும் களத்தின் தேவையால் அல்ல, தம் வணிகத்தின் தேவையால் என்பது இரண்டு. அவர்தம் பணத்தை ஏற்கலாம். விதி செய்யும் உரிமையை அவரிடம் ஒப்படைத்தல் ஆகாது என்பது மூன்று.

அடுத்த ஞாயிறன்று பந்தயம் காணும் மாணவர்கள், முதலில் வருபவர் யார் என்று மட்டும் நோக்காது, அவர் காரின் மேல் எழுதியுள்ள பெயர்களையும் படிப்பார்களாக. அவற்றுள் எது உழைத்தவர் பெயர், எது பணம் தந்தவர் பெயர், எது நாளை அழிந்துபோகும் பெயர் என எண்ணிப் பார்ப்பார்களாக. அவ்வாறு எண்ணுவோர்க்குப் பந்தயத்தின் இன்பம் குறையாது, மிகும்.